காத்தமுத்துவின் முகம் மட்டும்

கட்சால் தீவுக் கப்பல் எந்த நாளில் வரும் என்று அந்தமானில் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வரும் என்ற கப்பல் அந்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குத்தான் ஹாடோ ஜெட்டியில் வந்து கட்டியது. சித்ரா காலை ஏழு மணியிலிருந்து மழையில் குடையோடு நின்று கால் மரத்துப் போயிருந்தாள்.

கூட்டத்தோடு கூட்டமாகக் காத்தமுத்து இறங்கி வந்தார். அவளுடைய மூத்த அண்ணன். கட்சால் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவர். தோளில் ஒரு பாக்குக் குலை, கையில் தேங்காய்ச் சாக்கு. இரண்டு நாள் கப்பலாட்டத்தில் கண்கள் உள்ளே போயிருந்தன.

"அண்ணி வரலையா?"

"எனக்குத் தோட்டத்துல லீவு, சுட்டி கிடைச்சதே பெருசு புள்ள. அவளும் வந்துட்டா கோழிய யாரு பாக்குறது?" சாக்கைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அவன் வாரானா?"

"சின்னண்ணன் நாளைக்கு மாயாபந்தர் பஸ்ஸுல வர்றாரு."

அவர் சாக்கை எடுத்து அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

சித்ராவின் மகள் சுதாவுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். மாமன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் ஆறு வருஷமாக அந்த இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அதற்குக் காரணமும் கப்பல்தான். அவர்களுடைய அப்பா ஐயாவு, இரண்டாயிரத்து நாலில் கடல் ஏறி வந்தபோது வீட்டோடு போய்விட்டார். அதன் பிறகு அம்மா மருதாயி கட்சாலில் இருக்க மாட்டேன் என்று இளைய மகன் குழந்தைவேலுவோடு மாயாபந்தருக்குப் போய்விட்டாள். அங்கேதான் இறந்தாள். புயல் எச்சரிக்கையில் அன்று ஒரு கப்பலும் நகரவில்லை. குழந்தைவேலு இரண்டு நாள் உடலை வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டு அவனே கொள்ளி வைத்துவிட்டான். மூத்தவன் வந்து சேர்ந்தது ஒன்பதாம் நாள். வீட்டுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்று, "எனக்கு ஒரு பிடி சாம்பல்கூட வைக்கலையா?" என்று கேட்டாராம். சாம்பலை அதற்குள் கடலில் கரைத்திருந்தார்கள். அப்படியே திரும்பி பஸ் ஏறினவர்தான். அதன் பிறகு ஒருவர் சேதி மற்றவருக்குப் போவதென்றால் சித்ராவின் போன் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் படம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஐயாவுவின் முகம் ஒரு காகிதத்திலும் கிடையாது. மருதாயிக்கு வோட்டர் கார்டில் இருக்கிற கட்டைவிரல் அகலப் படம் ஒன்றுதான். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒரு போட்டோக்காரனைக் கட்டிக்கொண்டதைச் சொந்தக்காரர்கள் ஒரு அதிர்ஷ்டமாகவே பேசினார்கள். யோகராஜ் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கராச்சர்மாவில் வேரூன்றியவன். கல்யாணங்களும், தேனிலவுக்கு வருகிற மெயின்லாண்ட் ஜோடிகளைக் கடற்கரையில் நிறுத்தி எடுப்பதும்தான் அவன் பிழைப்பு. எடுத்து வருவதைத் திருத்தி ஆல்பமாக்குவது சித்ராவின் வேலை. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவள் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பாள்.

போன வருஷம் யோகராஜ் ஒரு லென்ஸ் வாங்கினான். எண்பத்தைந்து எம்எம். முகம் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ். இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிடும் என்று அதைக் காற்றுப் புகாத டப்பாவில் பூட்டி வைப்பான். அதன் துவாரத்தை முழுசாகத் திறந்து, ஒன் பாயிண்ட் ஃபோரில் வைத்து எடுத்தால் ஆளின் கண் மட்டும் கத்தி முனை மாதிரி தெளிவாக நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்து போகும். ஜோடிகள் அதைப் பார்த்து மயங்கினார்கள். சித்ராவுக்குத்தான் எரிச்சல். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்ப்பவள் அவள். மாப்பிள்ளையின் கண் தெளிவாக இருந்தால் பெண்ணின் கண் மங்கியிருக்கும். மூக்குத்தி பளிச்சென்றிருந்தால் காதுத் தோடு கலங்கியிருக்கும்.

"கொஞ்சம் மூடித்தான் எடுங்களேன். நாலுல, அஞ்சுல," என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

"அதுக்கு இந்த லென்ஸ் எதுக்கு? ஃபோன்லயே எடுத்துட்டுப் போயிரலாம்," என்பான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. வாசலில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதன் மேல் விழுந்த மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. அடுப்படியில் சுர்மாய் மீன் குழம்பு கொதித்தது. காத்தமுத்து கொண்டுவந்த தேங்காயை அவரே துருவி, மிளகாயும் வெங்காயமும் வைத்து இடித்துச் சம்பல் செய்து வைத்திருந்தார். குழந்தைவேலு முந்தின நாள் சாயங்காலமே வந்திருந்தான். அண்ணன் கொட்டகையில் இருந்தால் தம்பி அடுப்படியில் இருந்தான். தம்பி கொட்டகைக்கு வந்தால் அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போனார்.

ஆசாரி ஊசியை எடுத்து வைத்ததும் சுதா ஓடிப்போய்ச் சின்ன மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாயாபந்தரிலிருந்து வருஷத்துக்கு நாலு தடவை வந்து போகிறவன் அவன்தான். பெரிய மாமாவை அவள் பார்த்து மூன்று நாள்தான் ஆகிறது. காத்தமுத்து பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணையில் காலியான மடியோடு உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தைவேலு பிள்ளையைப் பிரித்தெடுக்கவில்லை. கழுத்தில் தொங்கவிட்டபடியே நடந்து வந்து, அண்ணன் முன்னால் இடது ஓரமாக மண்டியிட்டு, அவளை மெல்ல அவர் மடியில் இறக்கினான்.

"காலப் புடிச்சுக்கங்க. உதைப்பா," என்றான் பிள்ளையைப் பார்த்தபடியே.

"ம். பாத்துக்குறேன்," என்றார் காத்தமுத்து.

ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சித்ரா தட்டோடு நின்ற இடத்திலிருந்து பார்த்தாள். எதிரே யோகராஜ் கேமராவைக் கண்ணில் வைத்து விடாமல் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பாவி நல்ல நேரத்தில் எடுத்துவிட்டான் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் குழந்தைவேலு போய்விட்டான். போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் படுத்திருந்த இருட்டுத் திண்ணையைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் சித்ரா கேமராக் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

சுதாவின் கண் ஒவ்வொரு இமை மயிரையும் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. குனிந்திருந்த குழந்தைவேலுவின் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேர் வரிசையில் இருந்ததால் அதுவும் சுத்தமாக விழுந்திருந்தது. அவர்களுக்கு ஒரு முழம் பின்னால் இருந்த காத்தமுத்துவின் முகம் கரைந்து போயிருந்தது. தலை எது, தலை திரும்பின பக்கம் எது என்பது தெரிந்தது. கண் தெரியவில்லை. அந்தப் பார்வை தெரியவில்லை. பதினேழு படம். பதினேழிலும் அதே கதை.

"என்னங்க, இங்க வாங்க."

யோகராஜ் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தான். "ஃபோகஸ் கரெக்டாத்தான இருக்கு. புள்ள கண்ணுல நிக்குது."

"அண்ணன் எங்க?"

"பின்னாடி இருக்காரு."

"பின்னாடி இருக்காருன்னா? மடியில வச்சிருக்குறதே அவருதான."

"கரண்ட் இல்ல, மழை இருட்டு. துவாரத்த மூடுனா படம் கருப்பாயிரும். நான் என்ன செய்ய?"

"வெயில்ல எடுத்தாலும் நீங்க இப்படித்தான் எடுப்பீங்க."

அவன் சத்தம் போட்டான். அப்போதுதான் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த காத்தமுத்து எழுந்து உள்ளே வந்தார். சித்ரா படத்தை மூடுவதற்குள் பார்த்துவிட்டார். அடுத்தது காட்டு, அடுத்தது காட்டு என்று பதினேழையும் பார்த்தார்.

"எல்லாம் சாஃபா, தெளிவா இருக்கு," என்றார் கடைசியில். "புள்ள சாஃபா இருக்கு. அவன் சாஃபா இருக்கான். தட்டுல இருக்குற வாழப்பழம் சாஃபா இருக்கு. என்னைய மட்டும் டிவியில திருட்டுப்பயலுக மூஞ்சிய மறைப்பாங்களே, அந்த மாதிரி மறைச்சிருக்கீங்க."

"ஐயோ மறைக்கல மச்சான். லென்ஸ் அப்படி."

"லென்சுக்கு என்னைய ஆகாதா?"

யோகராஜ் விளக்கிக் காட்ட முனைந்தான். மேசையில் மூன்று டம்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தான். கேமராவை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். முன் டம்ளரில் தெளிவை நிறுத்தினால் பின்னால் உள்ள இரண்டும் கலைந்தன. நடு டம்ளருக்கு மாற்றினால் முன்னதும் பின்னதும் கலைந்தன. இந்தத் தூரத்தில் இரண்டு விரல் கனத்துக்குத்தான் தெளிவு நிற்கும், அதற்கு முன்னாலும் பின்னாலும் போனால் போச்சு என்று பொறுமையாகவே சொன்னான். காத்தமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"எந்த டம்ளர் தெளிவா தெரியணும்னு யாரு முடிவு பண்றது?"

"நாமதான் மச்சான். இந்தப் புள்ளிய நகத்தி வைக்கணும்."

"அதத்தான நானும் சொல்றேன்," என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "முடிவு பண்ணிருக்கீங்க. அவன் உங்க வீட்டுக்கு அடிக்கடி வாரவன். நான் கப்பல்ல வாரவன்."

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. டாலிகஞ்சில் கட்சால்காரர் ஒருவர் வீடு இருக்கிறது, கப்பல் புறப்படும்வரை அங்கே இருந்துகொள்கிறேன் என்று பையை மடித்தார். சித்ரா வாசலில் குறுக்கே நின்று பையைப் பிடுங்கி வைத்தாள். "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணே. நான் சரி பண்ணித் தர்றேன்."

சரி பண்ணுவதற்கு அவள் படாத பாடில்லை. கூர்மையாக்கிப் பார்த்தாள். முகத்தில் மணல் ஒட்டின மாதிரி ஆயிற்று. நிழலைத் தூக்கிப் பார்த்தாள், தாடையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. லென்ஸில் விழாத ஒன்றை அவள் எங்கிருந்து எடுப்பாள்? நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் வேலை அழிந்தது. செவ்வாய்க்கிழமை, மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தருமென்று யாரோ சொன்ன ஒரு ஆப்பை போனில் இறக்கினாள். அது அரை நிமிஷத்தில் ஒரு முகத்தைக் கொடுத்தது. அடர்ந்த புருவம், வழவழப்பான கன்னம், நேராகப் பார்க்கிற இரண்டு கண். முதல் பார்வைக்கு அவளே ஏமாந்துவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள்.

காத்தமுத்து போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதாண்ணே."

"அரே, என் தலைய வெட்டிட்டு எவன் தலையவோ கொண்டாந்து வச்சிருக்க. இவன் நேராப் பாக்குறான், நான் அவனப் பாத்தேன்." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் சித்ராவுக்கு உறைத்தது. அவர் தன் முகம் அழகாக விழவில்லை என்று கோபப்படவில்லை. அன்று தம்பியைப் பார்த்ததற்கு அவளைத் தவிர இந்த உலகத்தில் வேறு சாட்சி இல்லை. தம்பி குனிந்தே இருந்தான். அவன் பார்க்கவில்லை. படத்திலாவது பார்ப்பான் என்று இருந்திருக்கிறார்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. புருஷன் மேல், குனிந்தே போன சின்னண்ணன் மேல், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத இந்த மனுஷன் மேல். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"அப்பாவுக்குப் படம் இல்ல. அம்மாவுக்கு வோட்டர் கார்டுல கட்டைவிரல் அளவு மூஞ்சி. இப்ப நீங்களும் ஒண்ணும் வேணாம்னு போங்க. எனக்கு என்னா, நான் பாட்டுக்கு ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்குப் பேசணும்னா போன் இருக்கு. லென்ஸ்தான் உங்களுக்காகப் பேசணுமா?"

யோகராஜ் அறை வாசலில் வந்து நின்றான். அவள் இப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை. காத்தமுத்து வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பல் நாளைக்கு இல்லையாம் மச்சான், வியாழக்கிழமைதான்னு மெசேஜ் வந்திருக்கு," என்றான் யோகராஜ் தாழ்ந்த குரலில். "நாளைக்கு வெயில் வந்தா இன்னொண்ணு எடுப்போம். நான் மூடி எடுக்குறேன்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு அரை மணி நேரம் வெயில் வந்தது. வாசலில் மணையைப் போட்டார்கள். காத்தமுத்து முகம் மழித்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். சுதா காது வீங்கி அழுது வடிந்த முகத்தோடு அவர் மடியில் ஏறினாள். இப்போது பயமில்லை. அவர் விரலில் அப்பியிருந்த ரப்பர்ப் பால் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

யோகராஜ் பின்னால் நாலெட்டு நகர்ந்தான். துவாரத்தை எட்டுக்கு மூடினான். தெளிவுப் புள்ளியைப் பிள்ளையின் கண்ணில் வைக்காமல் இருவருக்கும் நடுவில், பட்டுத் துண்டின் கரையில் வைத்தான். பின்னால் இருந்த கறுப்புத் தண்ணீர் டேங்கையும் கொடியில் தொங்கின பாவாடையையும் பார்த்து முகம் சுளித்தான்.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டார் காத்தமுத்து.

"கேமராவ பாருங்க மச்சான்."

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. இடது பக்கம், தம்பி மண்டியிட்ட இடத்தைப் பார்த்தார். அங்கே சாணி மெழுகின தரையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. யோகராஜ் கேமராவைத் தாழ்த்திச் சித்ராவைப் பார்த்தான். அவள் எடுங்க என்று தலையசைத்தாள்.

எல்லாமே விழுந்தது. நரைத்த முள் தாடி, நெற்றியில் மூன்று வரி, கண்ணோரத்தில் நரம்பு, டேங்கில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர், பாவாடையின் பூ, பக்கத்து வீட்டு ஜன்னல். அழகான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காத்தமுத்து ஸ்கிரீனில் குனிந்து தன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவன் இல்ல," என்றார்.

"ரெண்டையும் ஒண்ணா வெட்டி ஒட்டித் தரட்டுமாண்ணே? செய்யலாம்."

"வேணாம் புள்ள. அது பொய்யில்ல?"

வியாழக்கிழமை விடிந்ததும் யோகராஜ் அபர்தீன் பஜார் லேபில் இரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்தான். ஒன்று மங்கினது, மற்றது தெளிவானது. ஜெட்டி ஷெட்டில் கூட்டம். மூட்டையும் கூண்டுக் கோழியும் எங்கும் இறைந்து கிடந்தன. தெளிவான படத்தை அவன்தான் நீட்டினான். நாலு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

"இந்தாங்க மச்சான். இது உங்களுக்கு. இதுல குத்தம் சொல்ல முடியாது."

காத்தமுத்து அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொண்ணு எங்க?"

சித்ரா தயங்கி மங்கினதை எடுத்தாள். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

"இத நான் கொண்டு போறேன். அந்தத் தெளிவான படத்த மாயாபந்தருக்கு அனுப்பு."

"இதுல உங்க மூஞ்சியே இல்லையேண்ணே. இதுக்குத்தான இவ்வளவு சண்ட?"

"என் மூஞ்சிய வச்சு நான் என்னா பண்ணப் போறேன்? இதுல அவன் நல்லா விழுந்திருக்கான். எங்கிட்ட அவன் படம் ஒண்ணுகூட இல்ல." கவரை வேட்டி மடிப்புக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அவங்கிட்டயும் என் படம் இல்ல."

யோகராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கப்பல் சங்கு ஊதியது. காத்தமுத்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "டீக்கே, சரி மாப்பிள்ள, அடுத்த தடவ வெயில் காலத்துல வாரேன்," என்று வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

கவர் வெள்ளிக்கிழமை காலை பஸ் கண்டக்டர் கையில் மாயாபந்தர் போயிற்று. சனிக்கிழமை பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சித்ரா எடுத்துக் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. திங்கட்கிழமை பகல், அவள் யாருடைய கல்யாணப் படத்திலோ மங்கின மாமியார் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"படம் வந்துச்சு," என்றான் குழந்தைவேலு. அங்கேயும் மழை பெய்யும் சத்தம் கேட்டது. "புள்ள, அண்ணனுக்கு எப்ப இவ்வளவு நரைச்சுச்சு?"

"என்னாண்ணே கேக்குற? ஒரு நாள் பூரா ஒரே வீட்டுல இருந்தீங்க. அவரு மடிக்கு முன்னாலதான மண்டி போட்டு உக்காந்த."

"உக்காந்தேன்," என்றான் அவன். "நிமிர்ந்து பாக்கல."